குறி கற்பவர் கற்பது என்ன?

ஜோதிடம் கற்பது இன்று வாரக் கடைசி வகுப்பாகிவிட்டது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும், குருவின் வீட்டுத் திண்ணையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்த சீடனுக்கும் மட்டும் கைவந்த வித்தை, இப்போது அடிப்படை வகுப்பு, உயர்நிலை வகுப்பு என்று செல்போன் திரையிலேயே கிடைக்கிறது. பராசர முறை, கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வகுத்த கே.பி. முறை, சோழிப் பிரசன்னம், கைரேகை, எண்கணிதம், வாஸ்து, மேற்கிலிருந்து வந்த டேரட் சீட்டு என எது வேண்டுமோ அதில் சேர்ந்துகொள்ளலாம். பல்கலைக்கழகங்களும் இதில் பின்தங்கவில்லை. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞான்’ என்ற பெயரில் ஜோதிடத்தைப் பட்டப்படிப்பாக்க முன்வந்தது. விஞ்ஞானி பி.எம்.பார்கவா உள்ளிட்டோர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021இல் இக்னோ தொலைநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் முதுகலைப் படிப்பையே தொடங்கியது. படிக்கலாமா கூடாதா என்ற சண்டை இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. சேருகிறவர் உண்மையில் எதைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார் என்ற கேள்வியை இரண்டு தரப்புமே சரியாகக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது. குறி பார்க்கும் முறைகளில் இரண்டு உண்மையான திறமைகள் இருந்தன. ஒன்று கணக்கு, மற்றொன்று எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கவனித்துக் கேட்பது. எதிர்காலத்தை அறிவது என்ற மூன்றாவது திறமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இன்றைய வகுப்புகள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு, இல்லாத மூன்றாவதற்குச் சான்றிதழ் கொடுக்கின்றன.

சங்கப் பாடல்களிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் பழம்பெருமை இல்லை. இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதை அவ்வளவு நெருக்கமாக வேறு எங்கும் பார்க்க முடியாது. முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான், தலைவி தவித்துக்கொண்டிருக்கிறாள். வயது முதிர்ந்த பெண்கள் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தூவிக் கும்பிட்டு, காதில் விழும் முதல் நற்சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். அங்கே குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆயர் பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம், உன் தாய் இதோ வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து, தலைவன் வெற்றியோடு திரும்புவான் என்று தலைவியைத் தேற்றுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் போரும் தெரியாது, தலைவனும் தெரியாது. முதுபெண்டிர் அவள் சொல்லில் அறிவைத் தேடவில்லை. தங்களுக்குள் ஏற்கெனவே இருந்த நம்பிக்கையை உரக்கச் சொல்ல வெளியிலிருந்து ஒரு வாய் தேவைப்பட்டது, அது கிடைத்தது.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு இன்னும் கூர்மையானது. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் பயந்துபோய் வேலனை அழைக்கிறாள், அல்லது நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்க்கும் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள். கட்டும் கழங்கும் தொல்காப்பியம் வரை போகும் வழக்குகள். வேலன் கழங்கை உருட்டி, இது முருகன் அணங்கியது, ஆட்டுக்குட்டியைப் பலி கொடு என்கிறான். அவன் சொன்னது தவறு என்று மகளுக்கும் தோழிக்கும் தெரியும், கேட்கும் நமக்கும் தெரியும். நோய் காதல் நோய். குறுந்தொகையில் ஒரு தோழி வேலனையே நிறுத்தி, நீ தரும் பலியை இவளுக்கு இந்த நோயைத் தந்த மலைநாடனின் மார்பும் உண்ணுமா என்று கேட்கிறாள். குறியின் விடை பொய் என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வீட்டு முற்றத்தில் நின்று சொன்னவள் அவள். ஆனால் அதே குறுந்தொகையில் ஔவையார் பாடிய இன்னொரு பாட்டு உண்டு. நரைத்த கூந்தலுடைய அகவன்மகள் குறி சொல்லும்போது மலைகளை வரிசையாகப் பாடிக்கொண்டு போகிறாள். ஒரு மலையின் பெயர் வந்ததும் தோழி குறுக்கிட்டு, அந்த மலையையே இன்னும் ஒருமுறை பாடு என்கிறாள். அது தலைவனின் மலை. வாய்விட்டுச் சொல்ல முடியாத சேதி, குறி சொல்லும் சடங்கின் வழியாகத் தாயின் காதுக்குப் போய்விடுகிறது. விடை தப்பானாலும் சடங்கு வேலை செய்தது. ஒரு வீட்டில் பேச முடியாத ஒன்றைப் பேசவைத்தது. குறி என்பதன் உண்மையான பயன் இது என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தொழிலின் மூல நூல்களும் இதை மறைக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையில் அங்க வித்தை என்று ஓர் அத்தியாயமே உண்டு. கேள்வி கேட்க வந்தவர் தன் உடம்பில் எந்த இடத்தைத் தொடுகிறார், எந்தத் திசையில் நிற்கிறார் என்பதையெல்லாம் கவனிக்கச் சொல்வது அது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கேரளத்தில் எழுதப்பட்ட பிரஸ்ன மார்க்கம்தான் இன்றும் சோழிப் பிரசன்னத்துக்கு ஆதார நூல். வந்தவரின் மூச்சு, முகக்குறி, முதலில் வாயில் வந்த சொல், கையில் இருந்த பொருள், வழியில் கண்ட நிமித்தம் என்று எதையும் அது விடுவதில்லை. ராசிச் சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மனிதரைப் பார் என்பதுதான் அதன் பயிற்சி. திருக்குற்றாலக் குறவஞ்சியின் சிங்கி செய்வதும் இதுவே. தரையை மெழுகச் சொல்லி, கோலம் போடச் சொல்லி, பிள்ளையாரை வைத்து விளக்கேற்றச் சொல்லி, பிறகுதான் வசந்தவல்லியின் கையை வாங்குகிறாள். அந்த ஏற்பாடு முடிவதற்குள் அந்தப் பெண்ணின் தவிப்பு முழுவதும் அவள் கண்ணில் பட்டுவிடுகிறது. வீட்டு வாசலில் நின்று நல்ல காலம் பொறக்குது என்று தொடங்கும் குடுகுடுப்பைக்காரரும், கதவைத் திறந்தவரின் கண், கழுத்து, திண்ணையில் கிடக்கும் செருப்பு, உள்ளே கேட்கும் குழந்தையின் இருமல் எல்லாவற்றையும் ஒரு நொடியில் வாங்கிக்கொள்பவர். பள்ளிக்கூடம் போகாமல் கற்ற இந்தக் கவனிப்பை ஏமாற்று என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. அது ஒரு தேர்ச்சி. அந்தத் தேர்ச்சியை முன்னறிவு என்று சொல்லி விற்கும்போதுதான் அது பொய்யாகிறது.

வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த நடைமுறை தெளிவாகப் புரியும். ஆணுக்கு வலது கட்டைவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது. ரேகையின் வகையை வைத்து ஓலைக் கட்டுகள் வருகின்றன. படிப்பவர் ஓர் ஓலையை எடுத்து ராகம் போட்டு வாசித்து ஒரு வாக்கியம் சொல்கிறார்: தகப்பனார் பெயர் நான்கெழுத்து, சரியா? இல்லை என்றால் அடுத்த ஓலை. அம்மா உயிரோடு இருக்கிறார், சரியா? ஆமாம். உடன்பிறந்தவர் இரண்டு பேர், சரியா? இல்லை. இப்படி ஆமாம், இல்லை என்ற பதில்களோடு அரை மணி நேரம் போனால், கடைசியில் ஒரே ஓலையில் அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், பிள்ளைகள் என எல்லாம் பொருந்தி வருகிறது. கேட்பவர் அசந்து போகிறார். ஆனால் கணக்கு எளிது. ஒரு கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் வாய்ப்புகள் பாதியாகச் சுருங்கும். இருபது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்களிலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்துவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் வருவது 10,48,576. ஓலையில் என்ன எழுதியிருந்தாலும், சேதி முழுவதும் கேட்பவர் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆமாமும் சொல்லாமல், இல்லையும் சொல்லாமல், முகத்தையும் காட்டாமல், எனக்குரிய ஓலையை எடுத்து முழுவதும் படியுங்கள் என்று கேட்கலாம். முதல் பொதுக் காண்டத்தோடு நின்றாலும் பரவாயில்லை. அங்கிருந்து சாந்தி காண்டத்துக்கு, அதாவது பரிகாரத்துக்கு, அழைத்துப் போவதில்தான் செலவு தொடங்குகிறது.

இனி கணக்கு. நம்மிடையே மிகவும் மறந்துபோன பகுதி இதுதான். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட கால சங்கலித நூலில், புதுச்சேரிப் பகுதித் தமிழ்க் கணிதர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்தார். அந்த மனிதர் கையில் ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. தரையில் சோழிகளை இலக்கங்களாகப் பரப்பி நகர்த்தினார். தேவையான அட்டவணைகள் முழுவதும் எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் வாக்கியங்களாக அவர் மனப்பாடத்தில் இருந்தன. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வரும் சுற்று ஒன்பது முறை நிறைவேற ஏறக்குறைய 248 நாளாகும் என்ற வான உண்மையின் மேல் அவை கட்டப்பட்டவை. 1825 மே 31, ஜூன் 1 இரவுக் கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடு நேரம் 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் தவறின. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கை மறுபடி ஆராய்ந்தார். இந்த முறையின் வேர்களை அவர் பழைய பாபிலோனியா வரை தேடிப் போனார். கையில் கருவி இல்லாமல், தரையில் சோழியும் தலையில் வாக்கியமுமாகக் கிரகணத்தைச் சொன்ன அந்த அறிவு உலகில் எங்கு வைத்தாலும் பெருமைக்குரியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரகண நேரத்தைச் சரிபார்க்க முடிந்தது. எத்தனை நிமிடம் தவறு என்று சொல்ல முடிந்தது. அதனால்தான் அது அறிவு. கிரகணத்தால் எந்த ராசிக்கு என்ன கெடுதல் என்ற பகுதிக்கு இத்தனை நிமிடப் பிழை என்று யாராலும் அளக்க முடிந்ததில்லை.

அளக்க முடிந்த பகுதியிலும் நாம் செய்யும் விநோதத்தைப் பாருங்கள். தமிழர்களிடம் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. பழைய வாக்கியங்களை அப்படியே பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். இன்றைய வான அளவீடுகளோடு திருத்திக்கொண்டது திருக்கணிதம். யாழ்ப்பாணத்திலும் இதே இரண்டு உண்டு, சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம்கூட இரண்டாக அச்சாகிறது. திருக்கணிதப்படி சனி 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்கு வந்தது. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப்படி அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று நடந்தது. அடுத்த பெயர்ச்சிக்கு ஒரு கணக்கு 2025 மார்ச் 29 என்றது, மற்றொன்று 2026 மார்ச் 6 என்றது. வானத்தில் இருப்பது ஒரே சனி. ஏழரை தொடங்கிவிட்டது என்று ஒருவரும், இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது என்று இன்னொருவரும் ஒரே தெருவில் சொல்கிறார்கள். இருவரிடமும் போனவர்கள், சொன்னபடியே நடந்தது என்கிறார்கள். சனியின் இடம்தான் பலனைத் தருகிறது என்றால் இரண்டில் ஒரு கூட்டம் ஏறக்குறைய ஒரு வருஷம் தப்பான பலனை அனுபவித்திருக்க வேண்டும். அப்படி ஒரு புகாரே எழவில்லை. பலன் சனியின் இடத்தைச் சார்ந்ததில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைச்சாலை வேண்டாம். கோடிக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் அறியாமலே நடத்திக்கொண்டிருக்கும் சோதனை இது.

இந்த இடத்தில் எதிர்வாதம் வரும்: எனக்குச் சொன்னது அப்படியே பலித்ததே! இந்த அனுபவத்தைப் பொய் என்று சொல்லத் தேவையில்லை. பலித்ததுபோல் தோன்றுவது எப்படி என்பதற்குப் பதில் இருக்கிறது. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதுபோல் ஒரு விவரணை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே விவரணை. அதிலிருந்த வாக்கியங்களை அவர் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியிருந்தார். அது வெளிநாட்டுக்காரன் சோதனை, நம் சாஸ்திரத்துக்குப் பொருந்தாது என்றால், புணேயில் நடந்ததைப் பார்க்கலாம். வானியலாளர் ஜயந்த் நார்லிகர், மூடநம்பிக்கை எதிர்ப்புப் போராளி நரேந்திர தாபோல்கர் ஆகியோர் வேறு சிலருடன் சேர்ந்து, படிப்பில் சிறந்த 100 மாணவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதக விவரங்களைத் திரட்டினார்கள். முன்வந்த ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகங்கள் அனுப்பி, இது எந்தக் குழு என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். அதிகபட்சம் ஒருவர் 24 சரியாகச் சொன்னார். மொத்தச் சராசரி 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50 வரும். 2009இல் கரண்ட் சயின்ஸ் இதழில் முடிவு வந்தது. பிறந்த நேரம் தவறாக இருந்திருக்கும் என்பது அடுத்த மறுப்பு. இந்த மறுப்பு ஜோதிடத்துக்கே ஆபத்தானது. லக்னம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுகிறது, நவாம்ச லக்னம் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. பிரசவ அறையில் குழந்தை அழுத நேரத்தையும் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்த நேரத்தையும் சேர்த்து இத்தனை நிமிடம் பிசகினால் பலன் கெட்டுவிடும் என்றால், நாட்டில் உள்ள பெரும்பாலான ஜாதகங்களை வைத்துக் கல்யாணம் நிச்சயிக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை எந்தப் பொருத்தம் பார்ப்பவரும் தருவதில்லை.

குறி பார்க்கும் வழக்கங்களில் நான் மிகவும் மதிப்பது, தற்செயலைத் தற்செயல் என்றே ஒப்புக்கொள்ளும் முறைகளைத்தான். சாமி சன்னிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது, சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது, திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது எல்லாம் இந்த வகை. மெய்கண்டாரின் பெற்றோர் பிள்ளைவரம் வேண்டி நின்றபோது தேவாரத்தில் கயிறு சாத்தினார்கள் என்பது சைவ வரலாறு. திருவெண்காட்டுப் பதிகம் வந்தது, அவர்கள் திருவெண்காட்டுக்குப் போனார்கள். அங்கே யாரும் நாள் குறித்து வாக்குக் கொடுக்கவில்லை, போக ஒரு திசை கிடைத்தது, அவ்வளவுதான். இந்த முறையின் உச்சத்தை 921இல் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பார்க்கலாம். சபை உறுப்பினர் தகுதியை முதலில் வகுத்துக்கொண்டு, தகுதி உள்ளவர்களின் பெயரை மட்டும் ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது தெரியாத சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட விதி இருந்தது. விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். யோசிக்க வேண்டியதை மனிதர் யோசித்து முடித்து, மீதியைக் குலுக்கலுக்கு விட்டார்கள், அந்தக் குலுக்கல் நேர்மையாக நடக்கக் காவலும் போட்டார்கள். இரண்டு நல்ல வரன்களில் எது என்று முடிவெடுக்க முடியாத வீட்டில் பூக்கட்டிப் பார்ப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. யாரும் பயமுறுத்தப்படவில்லை, யாருக்கும் தோஷம் ஒட்டவில்லை.

அப்படியானால் ஜோதிடரிடம் போவதால் கிடைக்கும் ஆறுதலை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மனநல ஆலோசகர் இல்லாத ஊரிலும் ஜோதிடர் இருக்கிறார். தொழில் நொடித்தவர், பிள்ளை இல்லாதவர், கணவனை இழந்தவர் அரை மணி நேரம் மனம் விட்டுப் பேச ஒரு பாயும் காது கொடுக்கும் ஒரு மனிதரும் அங்கே கிடைக்கிறார்கள். அந்தப் பாதியை நான் மறுக்கவில்லை. மறு பாதியில் செவ்வாய் தோஷம் இருக்கிறது. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கு. பன்னிரண்டு வீட்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு 42 பேருக்குத் தோஷம். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்று சொல்பவர்களின் கணக்கில், தப்புவதற்கான பன்னிரண்டில் ஏழு பங்கை மூன்று முறை பெருக்கினால் நூற்றுக்கு 20 பேர்தான் தப்புகிறார்கள். மீதி 80 பேரும் தோஷக்காரர்கள். இந்தச் சங்கடத்தைச் சமாளிக்க, சொந்த வீட்டில் இருந்தால் தோஷம் இல்லை, உச்சமானால் இல்லை, குரு பார்த்தால் இல்லை என்று விலக்குகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் ஒரு பெண்ணுக்குத் தோஷம் உண்டா என்பதைத் தீர்மானிப்பது செவ்வாய் அல்ல, அந்த ஜோதிடர் எந்த விலக்குப் பட்டியலை வைத்திருக்கிறார் என்பதுதான். மூலம், ஆயில்யம் என்ற நட்சத்திரங்களில் பிறந்ததற்காக மாமியாரையும் மாமனாரையும் கொல்பவள் என்று பெயர் வாங்கும் பெண்களின் கதையும் இதுவே. 27 நட்சத்திரங்களில் ஒன்று மூலம், அதில் பிறக்கும் லட்சக்கணக்கான பெண்களுக்கு வயது ஏற ஏறக் கல்யாணப் பேச்சு குறைகிறது. ஆறுதலின் விலையை இவர்கள் கட்டுகிறார்கள். பிறகு பரிகாரம் வருகிறது. பயத்தை உண்டாக்கியவரே மருந்தையும் விற்கும் எந்தத் தொழிலையும் சமூகம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பகுத்தறிவாளர் தரப்பிலிருந்து நேர் எதிரான ஆட்சேபம் வரும்: பொய் என்று தெரிந்த பிறகு எதற்குப் படிப்பு, எதற்குப் பாதுகாப்பு? பெரியார் தொடங்கி இங்கே எழுந்த அந்தக் குரலுக்கு நம் பெண்கள் நிறையக் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் முழுவதையும் தூக்கி எறிந்தால், சோழி வைத்துக் கிரகணம் கணித்தவரின் வாக்கியங்களும் அகவன்மகளின் காதும் சேர்ந்தே போய்விடும். அந்த ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பு எப்போதும் எளியவர் மேல்தான் முதலில் விழுகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி ஜோதிடர் வெற்றி என்று பலன் சொன்னார். அந்தக் காட்சி பரவியதும் கூண்டில் கிளி வைத்திருந்ததற்காக வனத்துறை நடவடிக்கை எடுத்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியை அடைப்பது குற்றம், அந்தச் சட்டம் சரியானது. சிறகு கத்தரிக்கப்பட்டு, சீட்டு எடுத்ததற்கு ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் திரும்பும் பறவைக்காகப் பேச வேண்டியது அவசியம். சொன்ன பலனும் பலிக்கவில்லை, அந்தத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வென்றார். ஆனால் தினமும் காலையில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்பவர்களை எந்தத் துறையும் கேட்டதில்லை. கர்நாடகத்தின் 2017 மூடநம்பிக்கை எதிர்ப்புச் சட்டம் பல கொடுமைகளைத் தடை செய்தபோதும் ஜோதிடத்தைத் தொடவில்லை. மரத்தடிக்காரரைப் பிடித்து ஸ்டூடியோக்காரரை விடுவது பகுத்தறிவு ஆகாது.

இப்போது வகுப்பறைக்கு வரலாம். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் மென்பொருள் ஒரு நொடியில் ராசியும் அம்சமும் தசா இருப்பும் தந்துவிடுகிறது. அதனால் புதிய மாணவருக்குக் கணக்கு தேவைப்படவில்லை. வானத்தில் சனி எங்கே இருக்கிறது என்று வெறும் கண்ணால் காட்டச் சொன்னால் திகைப்பவர்கள் பலர். கணக்கு தெரியாமல் நட்சத்திரத்தைச் சொல்லிப் பிழைப்பவரை வராகமிகிரர் பாவிகளின் வரிசையில் வைத்தார். ஆலோசனையும் இப்போது பணம் அனுப்பிய ரசீதும் குரல் பதிவுமாகச் சுருங்கிவிட்டது. எதிரே முகம் இல்லை, மூச்சு இல்லை, கையில் பிடித்த பொருள் இல்லை. அதனால் இரண்டாவது திறமைக்கும் இடமில்லை. மிச்சம் இருப்பது மனப்பாடம் செய்த பலன் வாக்கியங்கள் மட்டும். முன்னோர் கற்றதில் சரிபார்க்கத்தக்கதும் மனிதத்தன்மை உள்ளதும் எவையோ அவை இரண்டும் போய், எந்தச் சோதனையிலும் தேறாத பகுதி மட்டும் சாஸ்திரம் என்ற பெயரில் கைமாறுகிறது. மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும் பாடத்திட்டங்கள் மரபின் உயிரான பகுதியைத்தான் வெட்டியிருக்கின்றன.

இந்தப் படிப்பை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் முதல் வருஷத்தில் வாக்கியக் கணிதத்தையும் திருக்கணிதத்தையும் கையால் போடவைக்க வேண்டும். கிரகணத்தைக் கணித்து வானத்தோடு ஒப்பிட்டு, பிழை எத்தனை நிமிடம் என்று எழுதவைக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தில் துயரத்தோடு வருபவரிடம் பேசும் ஆலோசனைப் பயிற்சியும், தற்கொலை எண்ணத்தையும் நோய் அறிகுறியையும் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்பும் கடமையும் பாடமாக வேண்டும். புணே சோதனையை மாணவர்களே ஒவ்வொரு வருஷமும் தங்கள் ஆசிரியர்களை வைத்து நடத்தி, முடிவை வெளியிட வேண்டும். பெண்ணின் ஜாதகத்தைக் காட்டி இன்னொருவருக்கு மரணம் வரும் என்று சொல்வதும், சொன்னவரே பரிகாரத்துக்குப் பணம் வாங்குவதும் தொழில் ஒழுக்கக் கேடு என்று எழுதி வைக்க வேண்டும். இதில் எதுவும் மரபுக்கு விரோதம் இல்லை, பாதியை மரபே சொல்லியிருக்கிறது.

அதுவரை, வாரக் கடைசி வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேருவதற்கு முன் ஆசிரியரிடம், கடந்த ஒரு வருஷத்தில் அவர் தேதி போட்டுச் சொன்ன பலன்களை எழுதி வைத்திருக்கிறாரா, அதில் எத்தனை பொய்த்தன என்று கேளுங்கள். எழுதி வைத்திருப்பவர் கிடைத்தால் அவரிடம் படியுங்கள்.